பதினேழு பேர் கேட்ட கச்சேரி

2007 ஜூலை 7 அன்று உலகம் பார்த்த ஒரு காட்சி இது. அன்டார்க்டிகாவின் ரொதேரா ஆய்வு நிலையத்தில், அங்கேயே வேலை பார்க்கும் ஐந்து பேர் பாடுகிறார்கள். குழுவின் பெயர் நுனாடக். கேட்பவர்கள் அவர்களோடு வேலை பார்க்கும் 17 பேர். அவ்வளவுதான் கூட்டம்.

அதே நாளில் ரியோவின் கோபகபானா கடற்கரையில் லட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். லண்டன், சிட்னி, ஷாங்காய், ஜோஹன்னஸ்பர்க் என்று ஊர் ஊராக மேடைகள். எல்லாம் சேர்ந்து 'லைவ் எர்த்'. ஏழு கண்டங்களிலும் நடத்துவோம்னு அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் சொல்லியிருந்தார்; அந்த ஏழாவது கண்டத்துக்காகத்தான் நுனாடக். பல வருடம் கழித்து அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது வருவதில்லை.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். நுழைவுச்சீட்டில் வந்த சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போனது. இசைத்தட்டு விற்ற பணமோ வரிச் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கியது. 1985இல் பாப் கெல்டாஃப் முன்னின்று நடத்திய 'லைவ் எய்ட்' எத்தியோப்பியப் பஞ்சத்துக்கானது. அந்தப் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால் கவனியுங்கள்: பணம் என்பதால்தான் சண்டையே போட முடிகிறது. எவ்வளவு வந்தது, எங்கே போனதுன்னு கேட்கலாம்.

லைவ் எர்த் முதன்மையாகக் கேட்டது பணத்தை அல்ல, விழிப்புணர்வை. அதை யார் எண்ணுவது? கெல்டாஃபே அப்போது இதை விமர்சித்தார். புவி வெப்பமடைவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அரசியல்வாதிகளும் நிறுவனங்களும் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மேடையில் அறிவிக்க முடிந்தால் மட்டுமே நான் நடத்துவேன் என்பது அவர் வாதம்.

ஆனாலும் அவர் சொன்னது பாதிதான் சரி. லைவ் எர்த்துக்கு ஏழு அம்ச உறுதிமொழி ஒன்று இருந்தது. அதன் முதல் கோரிக்கை பல்பு மாற்றுவது அல்ல: வளர்ந்த நாடுகளின் வெப்ப வாயுக்களை 90 சதவீதம் குறைக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் என் நாடு இரண்டே ஆண்டுகளில் சேர வேண்டும். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் உலகத் தலைவர்கள் கூடினார்கள். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் கலைந்தார்கள். கைதட்டிய கூட்டம் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது. ஒரு நாள் கூடியவர்களை இரண்டு வருடம் சேர்த்து வைத்திருக்க எந்தப் பாட்டாலும் முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும், கட்சி வேண்டும், ஓட்டு வேண்டும்.

அப்போ இசையால் ஒன்றுமே ஆகாதா? 2024 ஆகஸ்ட் 25 அன்று பிரிட்டனின் பிரிஸ்டலில் 'மாசிவ் அட்டாக்' குழு ஒரு கச்சேரி நடத்தியது. டீசல் ஜெனரேட்டர் கிடையாது, மேடை முழுக்க பேட்டரியில் ஓடியது. உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் டிக்கெட். கார் நிறுத்த இடமில்லை. ரயிலில் வா என்றார்கள். ஒரு கச்சேரியின் கார்பனில் பெரும்பங்கு பெரும்பாலும் ரசிகர்கள் வந்துபோகும் பயணத்தில்தான் இருக்கிறது. ஆக, அவர்கள் உலகத்தைத் திருத்தக் கிளம்பவில்லை. தங்கள் தொழிலைத் திருத்தினார்கள். அதை எண்ணிப் பார்க்க முடியும், தப்பென்றால் சுட்டிக்காட்டவும் முடியும்.

நுனாடக் நினைவுக்கு வருகிறது. அந்தப் பதினேழு பேரில் ஒருவர்கூட கச்சேரிக்காக விமானம் ஏறவில்லை. பாட்டு முடிந்ததும் அவர்கள் திரும்பியது, உருகும் பனியை அளக்கும் நிலையத்தின் அன்றாட வேலைக்கு.