பொன் தகட்டில் மறுமைக்கு வழி

தென் இத்தாலியில் ஹிப்போனியோன் என்றொரு கிரேக்கக் குடியேற்ற நகரம் இருந்தது. இன்று அதன் பெயர் விபோ வாலென்சியா. 1969-இல் அங்கே ஒரு பெண்ணின் கல்லறையில், எலும்புக்கூட்டின் மார்புப் பக்கம் மடித்து வைத்த பொன் தகடு கிடைத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 400. விரித்தால் சுமார் 6 செ.மீ. அகலம், அதற்குள் 16 வரிகள், நடுவில் எழுத்துப் பிழைகளும் உண்டு. செத்தவளுக்கு மட்டும் வழி சொல்லும் பாடம் இது.

முதல் சுனை: பாதாளத்தின் வலப்பக்கம் ஒரு சுனை, அருகில் வெள்ளைச் சைப்ரஸ் மரம். மற்ற ஆவிகள் அங்கே இறங்கித் தாகம் தணிக்கின்றன. நீ கிட்டேயும் போகாதே என்கிறது தகடு. சுனைக்குப் பெயர் சொல்லவில்லை. ஆனால் அடுத்து வருவது நினைவின் நீர் என்பதால், இதை மறதியின் நீர் என்றே கொள்கிறார்கள். சைப்ரஸ் கரும்பச்சை மரம். வெள்ளையாக நிற்கிறது என்றாலே, இது நம் உலகத்து மரமல்ல.

இரண்டாம் நீர்: சற்று அப்பால் நெமோசினி தேவியின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் வருகிறது. நெமோசினிதான் நினைவு, கலைத் தேவியர் ஒன்பதின்மருக்கும் தாய்.

காவலர்: இங்கேதான் பாடத்தின் உயிர் இருக்கிறது. இருட்டில் எதைத் தேடி வந்தாய் என்று அந்த ஏரியின் காவலர் கேட்பார்கள். நான் மண்ணுக்கும் விண்மீன் வானுக்கும் பிறந்த பிள்ளை, தாகத்தால் மாள்கிறேன், தண்ணீர் வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டும். எகிப்தியரின் மறுமையில் இதயத்தைத் தராசில் வைத்து நிறுப்பார்கள். செய்த பாவங்களுக்குக் கணக்கு உண்டு. இந்தத் தகட்டிலோ புண்ணியக் கணக்கே இல்லை. பிறப்பைச் சரியாகச் சொன்னால் போதும், தண்ணீர் கிடைக்கும். அறம் எங்கே போயிற்று என்று எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சோதனை லேசானதும் அல்ல. தொண்டை வறண்டு கிடப்பவள் கண்ணெதிரே இருக்கும் முதல் சுனையைத் தாண்டி வர வேண்டும். பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் கடைசிக் கதையில், விவேகமில்லாத ஆன்மாக்கள் அந்த மறதி நீரை அளவு மீறிக் குடித்துவிட்டு மறுபிறவிக்குப் போவதாக எழுதுகிறார். அந்தக் கூட்டத்தில் சேராதே என்பதுதான் தகடு தரும் எச்சரிக்கை.

புனிதச் சாலை: குடித்தபின், தீட்சை பெற்றோரும் பாக்கஸ் (டயோனிசஸ்) அடியாரும் புகழோடு நடக்கும் சாலையில் அவளும் நடப்பாள். இந்த ஒரு சொற்றொடர் பழைய வழக்கொன்றையும் அசைத்தது. இத்தகைய தகடுகள் பித்தாகரஸ் வழியினருடையவை என்று வாதிட்டவர்கள், இதன்பின் டயோனிசஸ் வழிபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று.