'வாட்'னு ஒரு கமாண்ட்: பைனரிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வெர்ஷன்

சர்வர்ல ஒரு பைனரி ஓடிக்கிட்டிருக்கு. அது எந்த சோர்ஸ்ல இருந்து பில்ட் ஆனது? ஃபைல் பேரை யார் வேணா மாத்தலாம். தேதியும் அப்படித்தான், ஒரு காப்பி பண்ணினாலே மாறிடும். ஃபைலுக்கு உள்ளயே அடையாளம் இருந்தாதான் உண்டு.

1970களோட தொடக்கத்துல, பெல் லேப்ஸ்ல மார்க் ரோச்கைண்ட் எஸ்சிசிஎஸ் எழுதினார். சோர்ஸ் கோடு கன்ட்ரோல் சிஸ்டம். முதல்ல ஐபிஎம் மெஷினுக்கு ஸ்னோபால் மொழியில, அப்புறம் யூனிக்ஸுக்கு சி-யில. இன்னைக்கு அதை கிட்டோட கொள்ளுத்தாத்தானு மட்டும் சொல்லிட்டுப் போயிடுறோம். எனக்குப் பிடிச்சது அதோட வந்த 'வாட்' கமாண்ட்தான். எந்த ஃபைலைக் குடுத்தாலும் உள்ள @(#) அப்படிங்கிற நாலு எழுத்தைத் தேடும். கிடைச்சா, அதுக்குப் பின்னாடி இருக்கிறதை அச்சடிக்கும். அவ்வளவுதான். தற்செயலா எங்கயும் வந்து விழாத ஒரு சேர்க்கை அது.

அழகு எங்க இருக்குன்னா, அந்த நாலு எழுத்தை புரோகிராமர் கையால எழுதுறதில்ல. சோர்ஸ்ல சதவீதக் குறிகளுக்கு நடுவில ஒரு 'இசட்' மட்டும் போடுவார். படிக்கவோ கம்பைல் பண்ணவோ ஃபைலை வெளிய எடுக்கும்போது, எஸ்சிசிஎஸ் அதை @(#) ஆக மாத்தும். பக்கத்துலயே அதுக்கான குறிகளையும் போட்டிருந்தா, ஃபைல் பேரு, வெர்ஷன் நம்பரையும் நிரப்பும். ஆனா எடிட் பண்ண எடுத்தா மாத்தாது! அதனால பாதி எடிட்ல இருந்த கோடை யாராவது அவசரத்துல கம்பைல் பண்ணிட்டா, அந்த ஃபைலைப் பத்தி 'வாட்' வாயே திறக்காது. அந்த மௌனமும் ஒரு தகவல்தானே?

பெர்க்லி யூனிக்ஸ் கோடு முழுக்க இந்தக் குறி கிடக்கும். 1980கள்ல பர்டியூல வால்டர் டிக்கி எழுதின ஆர்சிஎஸ், டாலர் குறிகளையும் 'ஐடென்ட்' கமாண்டையும் கொண்டுவந்தது. இடையில கம்பைலர்கள் புத்திசாலி ஆகிடுச்சு: 'இந்த ஸ்ட்ரிங்கை யாரும் பயன்படுத்தலையே'ன்னு தூக்கிப் போட ஆரம்பிச்சது. அதைத் தடுக்க புரோகிராமர்கள் தனியா மல்லுக்கட்டினாங்க. 2005ல வந்த கிட், இந்த வேலையை ஏறக்குறைய கைவிட்டுடுச்சு. கேட்டா அந்த ஒரு ஃபைலோட ஹேஷை எழுதும். எந்த கமிட்னு எழுதாது. அடையாளம் பதிக்கிறது பில்ட் ஸ்கிரிப்ட் தலையில விழுந்தது. சிலர் செய்றாங்க, பலர் செய்றதில்ல.

அதோட விலை 2021 டிசம்பர்ல தெரிஞ்சது. லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளிவந்தப்போ கம்பெனிகளுக்கு முன்னாடி நின்னது அதே பழைய கேள்வி: நம்மகிட்ட ஓடுறது எந்த வெர்ஷன்? ஜார் ஃபைல்ங்கிறது ஜிப். உள்ள இருக்கிறது சுருக்கி வச்சிருக்கும், மேலோட்டமா ஸ்ட்ரிங் தேடினா சிக்காது. ஜாருக்குள்ள ஜார் வேற. சில இடத்துல லைப்ரரியைப் பிரிச்சு சொந்தக் கோடோட கலந்து, வெர்ஷன் எழுதின ஃபைலையே விட்டிருந்தாங்க. கடைசியில பல ஸ்கேனர்கள் வெர்ஷனைத் தேடுறதை விட்டுட்டு, ஜேஎன்டிஐ லுக்அப்ங்கிற அந்த ஒரு கிளாஸ் உள்ள இருக்கானு ஒவ்வொரு ஜாரா பிரிச்சுப் பார்த்துச்சு.