அரசமைப்பின் 141ஆம் உறுப்பு: சேர்வராயன் மலை காட்டி ஓர் உரை

‘உச்ச நீதிமன்றம் விளம்பும் சட்டம் இந்திய ஆட்சிப்பரப்பில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும்’ என்னும் இவ்வுறுப்பு என் நுதலிற்றோ எனின், நீதிமன்றங்கள் பலவாயினும் அவை கைக்கொள்ளும் சட்டம் ஒன்றே ஆதல் வேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று.

உச்ச நீதிமன்றம்: 1950 சனவரி 28இல் தொடங்கியது. அதற்கு முன் 1937 முதல் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் மேல் இலண்டன் பிரிவி கவுன்சில் நின்றது. உச்ச நீதிமன்றத்துக்கோ மேல் ஒரு மன்றம் இன்மையின் ‘உச்ச’ என அடை கொடுத்தார்.

விளம்பும் சட்டம்: ‘இயற்றும்’ என்னாது ‘விளம்பும்’ என்றது, இயற்றுதல் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உரித்தாகலின். தீர்ப்பின் முடிவைத் தாங்கும் நெறியே ஈண்டுச் சட்டமாவது; அவ்வழக்குக்கே உரிய செய்திகள் அல்ல. சான்றாக, கோதவர்மன் திருமுல்பாடு என்பார் 1995இல் தொடுத்தது நீலகிரிக் கூடலூர்க் காடு பற்றிய வழக்கு. 1996 டிசம்பர் 12இல் மன்றம் விளம்பியதோ, உடைமையாளர் யாவராயினும் அகராதிப் பொருளில் காடாவது காடே என்பது. கூடலூர் அவ்வழக்கோடு ஒழிய, நெறி சேர்வராயன் மலையின் ஏற்காட்டுக்கும் வந்தது.

இந்திய ஆட்சிப்பரப்பில் உள்ள: இடத்தான் வரும் விலக்கை நீக்கிற்று.

எல்லா நீதிமன்றங்களையும்: ‘எல்லா’ என்பது எஞ்சாமைப் பொருட்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்ட எல்லை வழக்கு, வழக்கின் மதிப்புக்கேற்ப முன்சீப், சார்பு நீதிமன்றங்களிலோ சேலம் மாவட்ட நீதிமன்றத்திலோ தொடங்கும். பின் சென்னை உயர் நீதிமன்றம் செல்லும். இம்மன்றங்கள் யாவும் விளம்பிய நெறிக்கு உட்படும். அமெரிக்காவில் கூட்டாட்சிக்கும் மாநிலத்துக்கும் வேறுவேறு மன்றங்கள் உள. ஈண்டோ ஒன்றியச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டமும் ஒரே மன்றத்தில் ஆளப்படும். ஆதலின் ‘எல்லா’ என்ற இச்சொல்லே இவ்வுறுப்பின் உயிர் என்க.

அற்றேல், ‘எல்லா’ என்றதனுள் உச்ச நீதிமன்றமும் அடங்குமோ எனின், அடங்காது. தன் முன்னைத் தீர்ப்பை அது மாற்றலாம் என 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் கொள்ளப்பட்டது. ஆயினும் அதன் சிற்றமர்வு பேரமர்வைப் பின்பற்றும்.

கட்டுப்படுத்தும்: கீழ்மன்ற நீதிபதி தமக்கு உடன்பாடு இல்லாவிடினும் வழுவார் என்றவாறு. நெறி மேலிருந்து வரினும், சில்வர் ஓக் நிழலில் மிளகு படர்ந்த ஒரு நிலம் காடா, தோட்டமா என்பதைச் சான்று கொண்டு துணிதல் கீழ்மன்றத்தின் பணியே. அதனை இவ்வுறுப்பு பறிப்பதன்று. இதனை உணராது, மேல்மன்றம் சொன்னபின் கீழ்மன்றத்துக்கு வேலை என்னை என்பார் கூற்றுப் பொருந்தாது.

நீதிமன்றங்களேயன்றிப் பிற அதிகார அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணைநிற்கும் கடப்பாடு 144ஆம் உறுப்பில் உளது. கற்பார் அதனை இதனோடு இயைத்து உணர்க.