உப்புக்கு ஒரு முள்வேலி

வரி குறைந்த ஊருக்கு எல்லை தாண்டிச் சென்று பொருள் வாங்கி வருவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை வேறுபட்டால் வெப்பம் பாய்வதுபோலத்தான் இதுவும். இதைத் தடுக்க ஒரு நாட்டின் குறுக்கே வேலி வளர்த்த கதையை அறிவீர்களா?

1869-இல் ஆங்கில அரசின் சுங்கக்கோடு சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீண்டிருந்தது. ஏறத்தாழ 12,000 பேர் காவல்! கோட்டுக்கு அப்பால் இராஜபுதனத்துச் சாம்பர் ஏரி உப்பு மலிவு. இப்பாலோ, வங்காள மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 3 ரூபாய் வரி.

முதலில் காய்ந்த முள்ளை அடுக்கினார்கள். கறையானும் தீயும் அதைத் தின்றன. 1867-இல் சுங்க ஆணையரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் (ஆம், பின்னாளில் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான அவரேதான்) உயிர்வேலியில் ஊக்கம் காட்டினார். இலந்தை, கருவேல், களா, சப்பாத்திக்கள்ளி ஆகியவை மண்ணுக்கேற்ப நடப்பட்டன. சில இடங்களில் வேலி 12 அடி உயர்ந்தது.

வெயிலில் உழைப்பவர் வியர்வையோடு சோடியத்தை இழக்கிறார். உப்பு அவருக்கு வெறும் சுவைப்பொருள் அன்று. ஆகவே செல்வரை உறுத்தாத இவ்வரி ஏழையின் உடலையே தொட்டது.

1870-இல் அரசு சாம்பர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தது. உப்பு விளையுமிடத்திலேயே வரி வாங்கலாயிற்று. மாகாணங்களின் வரிகளும் நெருங்கி வந்தன. தாண்டிப் போனால் ஆதாயமில்லை என்றானபின் 1879-இல் கோடு கைவிடப்பட்டது.

வரிகள் நெருங்கியது எப்படி? வடக்கே குறைத்தார்கள்; சென்னை மாகாணத்திலோ 1 ரூபாய் 13 அணாவை 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். அது 1877-இன் இறுதி. தாது வருஷப் பஞ்சத்திலிருந்து நம்மவர் இன்னும் மீளாத நேரம்.