சட்டை, பித்தளைக்குடம், பள்ளிக்கூடம்: செட்டிநாட்டில் 'மேம்பாடு' என்ற சொல்

'பின்தங்கிய இளைஞர் மேம்பாடு', 'சமூக நல்லிணக்கம்' என்ற இரண்டு சொற்கள் அரசு அறிக்கைகளிலும் தொண்டு நிறுவனத் துண்டறிக்கைகளிலும் ஜோடியாகவே வருகின்றன. இளைஞனிடம் ஏதோ ஒன்று இல்லை, அதைக் கொடுத்துவிட்டால் போதும். இரு தரப்புக்கும் இடையே புரிதல் இல்லை, உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும் என்பது இவற்றின் அடியில் கிடக்கும் பொதுப்புத்தி. இந்த 'இல்லை' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. செட்டிநாட்டின் வரலாறு அதற்கு எழுத்துபூர்வமாகவே பதில் வைத்திருக்கிறது.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது; சட்டை, பனியன், கிராப்பு, குடை, செருப்பு எதுவும் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாண்டம்தான் புழங்க வேண்டும். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன. அதற்கும் அடங்கவில்லை என்று 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகள் போட்டார்கள். இரண்டு பட்டியலையும் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாவது பட்டியலைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். தண்ணீர் எடுக்கப் பித்தளைக்குடம், செம்புக்குடம் கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரிடம் மலிவாக விற்றுவிட வேண்டும்; இல்லாவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது. முதல் பட்டியல் உடலின் மேல் எழுதப்பட்டது. இரண்டாவது அதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் கூலிக்கும் நகர்கிறது. சட்டையில் ஆரம்பித்தது பட்டாவில் வந்து நிற்கிறது.

யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. அப்படியானால் 1930க்கு முன்பே அங்கே ஒருத்தன் சட்டை போட்டிருக்கிறான், ஒருத்தி பித்தளைக்குடம் தூக்கியிருக்கிறாள், ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறது, யாரோ குத்தகை எடுத்திருக்கிறார்கள். செட்டியார்களின் மூலதனத்தை பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஏற்றிப்போன அதே கடல்வழிதான் இந்த ஜில்லாவின் கூலிகளையும் ஏற்றிப்போனது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆக, பின்தங்கியது தானாக நேர்ந்ததல்ல. முன்னால் போனவர்களைப் பிடித்து இழுத்துப் பின்தங்க வைத்திருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு இந்த மண்ணில் நடந்த முயற்சிகளை மறுவாசிப்பு செய்யலாம். 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919இல் பாரதி அங்கே வந்தார். அதன் நிறுவனர்களில் ஒருவரான சொ. முருகப்பா பின்னால் விதவை மறுமணத்துக்காக இயக்கமே நடத்தினார். பெரிய காரியம்தான். ஆனால் அது பெருமளவுக்குச் செட்டியார் இளைஞர்கள் தங்கள் வீட்டுக்குள் நடத்திய கலகம். வயக்காட்டுக்கு அது வரவில்லை. 1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையில் தேவகோட்டைக்கு வந்த காந்தி, நாட்டார் பிரச்சினையை நேரடியாகவே எடுத்துப் பேசினார். அவர் கேட்டது மனமாற்றம். பட்டியலோ வாரத்தையும் கூலியையும் பற்றியது. 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி திறந்தார். படிக்கக்கூடாது என்ற தடைக்குப் பதினாறே வருஷத்தில் அதே வட்டாரத்தில் ஒரு கல்லூரி. கதவு திறந்தது உண்மை. மாடு மேய்க்கிற பையன் அந்தக் கதவுவரை எப்படி வந்து சேர்வான் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு மிக அருகே போனது, பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் என்பேன். ஊதியமில்லாத இளைஞர்களும் யுவதிகளும் ராத்திரியில் சேரிக்கும் குப்பத்துக்கும் போய்ப் பாடம் நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரிக் குத்தகை பெண்கள் குழுக்களின் கைக்கு வந்தது. அறிவொளிப் பாடநூலின் முதல் சொல் 'பட்டா'. அறுபது வருஷத்துக்கு முன்னால் நாட்டார்கள் எதைப் பிடுங்க நினைத்தார்களோ, அந்தச் சொல்லிலிருந்தே எழுத்து தொடங்கியது. ஆனாலும் பட்டா என்று எழுதத் தெரிவது வேறு, பட்டா கைக்கு வருவது வேறு. இயக்கத்தின் வெற்றியும் எல்லையும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன.

நல்லிணக்கத்தின் கதை என்ன? 1979இல் உஞ்சனையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கண்டதேவித் தேர்வடத்தை நாலு நாட்டாரோடு சேர்ந்து நாங்களும் பிடிப்போம் என்று தலித்துகள் 1998இல் கேட்டபோது எழுந்த பிரச்சினை வருஷக்கணக்கில் நீண்டது. நீதிமன்றப் படியேறி, நின்றே போன தேர் 2024 ஜூனில்தான், போலீஸ் காவலோடு ஓடியது. 'ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுங்க' என்ற யோசனை இந்த இடைக்காலம் முழுக்கச் சொல்லப்பட்டதுதான். வடத்தைப் பிடித்திருப்பவனையும் பிடிக்க விடாமல் தடுக்கப்பட்டவனையும் 'இரு தரப்பு' என்று சமமாக எண்ணிக்கொள்கிற சொல்லாடல் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அதே 2024 ஜூனில்தான் நீதிபதி சந்துரு குழு தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தது. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட குழு அது. பள்ளிப் பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1930இல் பட்டியல் போட்டு உடம்பில் சாதியை நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது பிள்ளைகளே கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எனவே இளைஞர் திட்டம் எதுவானாலும், தையலோ கணினியோ தெருக்கூத்தோ, அதை நடத்தும் தோழர்கள் அந்தப் பதினொரு தடைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். இது எந்தத் தடையைத் தொடுகிறது? நிலத்தை? கூலியை? ஊர்ப் பொதுவை? பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வீடு திரும்பும் பையன், மறுநாள் யார் வயலில் யார் சொன்ன கூலிக்கு இறங்குகிறான்?