சூலமங்கலம் சகோதரிகள்

சூலமங்கலம் சகோதரிகள் என்று அறியப்படும் ஜெயலட்சுமி (1937–2017), ராஜலட்சுமி (1940–1992) இருவரும் முருக பக்திப் பாடல்களால் புகழ்பெற்ற இரட்டைப் பாடகியர். சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்துச் சூலமங்கலம். ஹரிகதை விற்பன்னர் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரின் ஊரும் அதுவே. பத்தமடை எஸ். கிருஷ்ணன், மாயவரம் வேணுகோபாலய்யர் முதலானோரிடம் கர்நாடக இசை பயின்றார்கள்.

இவர்களின் புகழுக்கு ஆதாரம் தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய கந்த சஷ்டி கவசம். அதை இவர்கள் ராகமாலிகையாகப் பாடிய இசைத்தட்டு ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். உச்சி முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் காக்கும்படி முருகனின் வேலிடம் வேண்டும் நீண்ட பாடல் அது. வித்வத்தைக் காட்ட இடம் தேடியிருந்தால் பாராயணம் கெட்டிருக்கும். சகோதரிகள் சங்கதிகளைக் குறைத்து, சொல்லைத் தெளிவாக விட்டு, கேட்பவரும் கூடவே சொல்லக்கூடிய நடையில் பாடினார்கள். இரு குரலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே குரலாகக் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பாட்டிமார் கவசத்தை மனப்பாடம் செய்தது இந்தத் தட்டைக் கேட்டுத்தான். இதைவிடப் பெரிய விருது ஒரு பாடகிக்குக் கிடைக்குமா?

அறுபடை வீடுகளில் இரண்டு, திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும், மதுரையை ஒட்டியே இருப்பதால் இவர்களின் குரல் இவ்வட்டாரத்துக்கு மிக நெருக்கமானது. ஐப்பசியில் கந்த சஷ்டிக்குக் காப்புக் கட்டிய பக்தர்கள் திருப்பரங்குன்றம் கோயிலிலேயே தங்கி விரதம் இருக்கும் நாட்களில் ஒலிபெருக்கியில் ஒலிப்பது பெரும்பாலும் இந்தக் கவசம்தான். அவ்வூர்ப் பெயரிலேயே தொடங்கும் 'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' பாடலைப் பூவை செங்குட்டுவன் எழுத, குன்னக்குடி வைத்தியநாதன் மெட்டமைத்தார். ஏ. பி. நாகராஜனின் 'கந்தன் கருணை' (1967) படத்தில் அதை ராஜலட்சுமி, பி. சுசீலாவுடன் பாடினார். இரண்டு பெண் குரல்கள் போட்டியின்றி இழைவதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும்.

சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த 'தெய்வம்' (1972) படத்தில் சகோதரிகள் திரையிலேயே தோன்றி 'வருவாண்டி தருவாண்டி' பாடினார்கள். மருதமலை முருகனை மதுரை சோமு பாடியதும் அதே படத்தில்தான். இரு பாடல்களுக்கும் இசை குன்னக்குடி. ராஜலட்சுமி சில படங்களுக்கு இசையமைத்தும் இருக்கிறார். 'தரிசனம்' (1970) அவற்றில் ஒன்று. பெண் இசையமைப்பாளர்கள் அரிதான திரையுலகில் இது போதிய அளவு பேசப்படவில்லை.

ராஜலட்சுமி 1992 மார்ச்சில் மறைந்தார். அக்கா ஜெயலட்சுமி அதன்பின் 25 ஆண்டுகள் வாழ்ந்து, 2017 ஜூனில் காலமானார்.