அழுகைச் சுவையும் அவையோர் உள்ளமும்

உள்ளத்தை வருத்தும் திரைப்படங்களை மக்களும் விமரிசகரும் பெரும்பாலும் விரும்பி வரவேற்பதில்லை. களிப்பை நாடியே மக்கள் அரங்குக்கு வருகின்றனர் என்று இதற்குக் காரணங் கூறுவர். மன்னார்க் கரையின் நாடக வரலாறோ இக்கூற்றை மறுக்கின்றது.

1544ஆம் ஆண்டில், மன்னாரில் கிறித்துவந் தழுவிய மக்கள் பலர் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அத்துயர நினைவைப் போற்றும் இக்கரையில், கத்தோலிக்க மக்கள் நாட்டுக்கூத்தும் வாசாப்பும் ஆடி வந்துள்ளனர். பேசாலையில் இயேசுவின் பாடுகள் ‘உடக்குப் பாஸ்’ என்னும் பெயரால் உருவங்களைக் கொண்டு காட்டப்பெற்றன. மாற்றாந்தாயின் சூழ்ச்சியாற் கைகளை இழந்த ஞானசவுந்தரியின் கதை கத்தோலிக்க நாடக மரபிற் பெரும்புகழ் பெற்றது. 1948இல் சிட்டாடல் நிறுவனத்தார் அதனைப் படமாக்கியபோது அப்படமும் வெற்றி கண்டது. அயலிலுள்ள யாழ்ப்பாணத்திலே, நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ கண்டு அழாதார் இலர்.

ஆகவே மக்கள் அழுகையை வெறுத்தாரல்லர். எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகையையும் வைத்த தொல்காப்பியர், இளிவு, இழவு, அசைவு, வறுமை என அதற்கு நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். மேற்கூறிய கதைகளில் இந்நான்கும் உள. ஆயினும் பாடுகளின்பின் உயிர்த்தெழுதல் உண்டு. ஞானசவுந்தரி கைகளை மீளப் பெறுகின்றாள். அரிச்சந்திரனின் மைந்தன் உயிர்பெற்று எழுகின்றான். முடிவு முன்னரே அறிந்ததாதலின், மக்கள் அச்சமின்றி ஒருங்கிருந்து அழுதனர்.

இவ்வாறுதல் இல்லாதபோது நேர்வது யாது? 1977இல் வெளிவந்த ‘பொன்மணி’ இதற்குச் சான்றாகும். காவலூர் இராசதுரையின் எழுத்தில், தர்மசேன பத்திராஜ இயக்கிய இப்படம் யாழ்ப்பாணத்தின் சாதியையும் சீதனத்தையும் பேசியது. துயர் தீர்க்கத் தெய்வம் தோன்றவில்லை. குற்றஞ் செய்தோன் தனியொரு கொடியவனுமல்லன், பார்ப்போர் வாழ்ந்த சமூகமே. படம் வசூலில் தோல்வியுற்றது. இத்தாலியிலும், முதியவர் ஒருவரின் வறுமையைக் காட்டிய டி சிக்காவின் ‘உம்பெர்த்தோ டி’ 1952இல் இவ்வாறே தோற்றது. அது நாட்டுக்கு இழுக்கு என அரசுப் பொறுப்பிலிருந்த அந்திரேயோத்தி குறைகூறினார். தம்மைச் சுடும் துயரைக் கலைக்குறை என்று தள்ளிவிடுவது கற்றோர்க்கும் எளிதாகின்றது. காலஞ் சென்றபின் இவ்விரு படங்களும் உயர்ந்தனவாக மதிக்கப்பட்டன.

இவ்வுண்மை நமக்கு ஒரு கடமையை உணர்த்துகின்றது. 2009இல் முடிந்த நீண்ட போரில் மன்னார்க் கரையிலிருந்து படகேறிய தமிழரும், 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் பட்ட துயருக்கு இன்னும் மங்களம் பாடப்படவில்லை. அத்துயரை உள்ளவாறே காட்டும் படங்கள் ஆறுதலின்றியே முடியக்கூடும். அவற்றை முகஞ்சுளித்து ஒதுக்குவோமாயின், நம் வரலாற்றின் ஒரு பகுதியை நாமே ஒதுக்கியவராவோம். இறுதிவரை இருந்து காண்பதே அவைக்கு அழகு.